40 ரூபாய் எழுத்தர் வாங்கிய மலை ஹோட்டல்: மோகன் சிங் ஓபராயின் வாழ்க்கை

1922-ஆம் ஆண்டு. பஞ்சாபின் ஒரு சிற்றூரிலிருந்து, தாய் கொடுத்த 25 ரூபாயை மடியில் முடிந்துகொண்டு சிம்லா வந்து சேர்ந்த இளைஞர் ஒருவர், அரசு அலுவலக எழுத்தர் பணிக்கான தேர்வில் தோற்றுப்போனார். கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. ஊருக்குத் திரும்பினால் வேலை இல்லை. மனைவியின் வீட்டாரிடம் மீண்டும் போய் நிற்கவும் மனமில்லை. அந்நிலையில் ஒருநாள் சௌரா மைதான் பக்கம் நடந்துகொண்டிருந்த அவர், செசில் என்னும் பெரிய ஹோட்டலைக் கண்டு உள்ளே நுழைந்து வேலை கேட்டார். மாதம் 40 ரூபாய் சம்பளத்தில் பில் எழுதும் எழுத்தர் வேலை கிடைத்தது.

ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்குப் பின்னர் அதே ஹோட்டல் அவருடைய கட்டுப்பாட்டுக்கு வந்தது. இந்திய ஹோட்டல் தொழிலின் முன்னோடியாகக் கருதப்படும் மோகன் சிங் ஓபராயின் வாழ்க்கையில் அதிகம் சொல்லப்படும் பகுதி இதுதான். ஆனால் அந்த ஹோட்டல் அவர் கைக்கு வந்த காலத்தில், அது யாருக்காகக் கட்டப்பட்டதோ அந்த ஆட்சி விடைபெறத் தொடங்கியிருந்தது. அந்தப் பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஓபராய் 1898-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் தேதி பவுன் என்ற ஊரில் பிறந்தார். அப்போது ஜீலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், இன்று பாகிஸ்தான் பஞ்சாபின் சக்வால் மாவட்டத்தில் உள்ளது. அவர் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். இளம் வயதிலேயே கைம்பெண்ணான தாய் பாகவந்தி, கணவர் வீட்டாரின் ஏச்சைப் பொறுக்க இயலாமல், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாகத் தாய் வீட்டுக்கு நடந்தே சென்றுவிட்டதாகக் குடும்பத்தினர் சொல்வது வழக்கம். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு விருந்தோம்பல் செய்த குடும்பத்தின் கதை, வீட்டில் இடமில்லாமல் போன ஒரு பெண்ணிடமிருந்து தொடங்குகிறது.

பவுனில் தொடக்கக் கல்வி, ராவல்பிண்டியில் டிஏவி பள்ளி, லாகூரில் இடைநிலைக் கல்லூரிப் படிப்பு என்று போன படிப்பு, பணமின்மையால் பாதியில் நின்றது. லாகூரில் உறவினர் நடத்திய காலணித் தொழிற்சாலையில் கிடைத்த வேலையும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1919-இல் அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்து, பஞ்சாபில் ராணுவச் சட்டம் நடைமுறைக்கு வந்த கொந்தளிப்பான நாட்களில் தொழிற்சாலை மூடப்பட்டது. அதே ஊரைச் சேர்ந்த உஷ்நாக் ராயின் மகள் இஷ்ரன் தேவியுடன் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகனுக்குச் சொத்தும் இல்லை, தொழிலும் இல்லை. சர்கோதாவில் மைத்துனர் வீட்டில் சிறிது காலம் தங்கினார். பின்னர் பவுனுக்குத் திரும்பியபோது அங்கே பிளேக் நோய் பரவியிருந்தது. ஊரில் தங்க வேண்டாம் என்று தாய் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். செய்தித்தாளில் வந்த அரசு எழுத்தர் பணி விளம்பரம் அவர் கண்ணில் பட்டது அதன் பிறகுதான்.

கோடைத் தலைநகரும் அதன் ஹோட்டலும்

அந்நாளைய சிம்லா சாதாரண மலை ஊர் அன்று. 1864-ஆம் ஆண்டு வைஸ்ராய் ஜான் லாரன்ஸ் அதைக் கோடைக்காலத் தலைநகராக்கிய பின்னர், ஆண்டின் பெரும்பகுதி பிரிட்டிஷ் இந்தியாவின் நிர்வாகம் கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேலான அந்த முகட்டிலிருந்தே நடைபெற்றது. கோப்புகள், குமாஸ்தாக்கள், சமையற்காரர்கள், குடும்பங்கள் அனைத்தும் கோடையில் மலையேறிக் குளிர்காலத்தில் இறங்கின. மாகாண அரசுகளும் இதையே செய்தன. சென்னை மாகாண அரசு உதகமண்டலத்துக்குச் சென்றது. பம்பாய் ஆளுநர் வெயில் காலத்தில் மகாபலேஷ்வருக்கும் மழைக்காலத்தில் புனேக்கும் இடம்பெயர்ந்தார். புனேயின் கன்டோன்மென்ட்டும், கோர்படி போன்ற ரயில்வே, ராணுவக் குடியிருப்புகளும் விரிவடைந்ததற்கு இந்த இடப்பெயர்ச்சியும் ஒரு காரணம்.

மலை ஹோட்டல் என்ற தொழிலுக்கு ஐரோப்பாவில் முன்மாதிரி சுவிட்சர்லாந்து. செயின்ட் மோரிட்ஸில் யோஹானஸ் பாட்ருட் கூல்ம் ஹோட்டலை வளர்த்தெடுத்தார். கோடையில் மட்டும் வந்துகொண்டிருந்த ஆங்கிலேய விருந்தினர்களைக் குளிர்காலத்திலும் தங்கவைக்க 1864-இல் அவர் பந்தயம் கட்டினார் என்பது அவ்வூரார் இன்றும் சொல்லும் கதை. வலே மாநிலத்தின் நீடர்வால்டு கிராமத்தில் விவசாயக் குடும்பத்தின் 13-ஆவது குழந்தையாகப் பிறந்த சேசர் ரிட்ஸ், இளமையில் ரிகி மலை உச்சி ஹோட்டலில் பணிபுரிந்தபோது, வெப்பமூட்டும் கருவி பழுதாகிய ஒரு குளிர்நாளில் செங்கற்களைச் சூடாக்கித் துணியில் சுற்றி விருந்தினர்களின் காலடியில் வைத்து நிலைமையைச் சமாளித்தார். பின்னாளில் பாரிஸிலும் லண்டனிலும் ஆடம்பரத்துக்கே அவர் பெயர் அடைமொழியாயிற்று.

மலை ஹோட்டல்களை வாழவைத்தவை மலை ரயில்களே. ரிகி மலையில் 1871-இல் பல்சக்கர ரயில் ஓடத் தொடங்கியது. சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த பல்சட்ட முறையில்தான் நீலகிரி மலை ரயில் இன்றும் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே ஏறுகிறது. அதன் புகழ்பெற்ற நீராவி என்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. சிம்லாவுக்கு 1903-இல் கால்காவிலிருந்து குறும்பாதை ரயில் வந்தது. 96 கிலோமீட்டர் தூரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்களைக் கடந்து அது மேலே போகிறது.

ரயில் வந்த காலத்தை ஒட்டியே, டென்ட்ரில் காட்டேஜ் என்ற பழைய வீடு இருந்த இடத்தில் செசில் வளர்ந்தது. எழுத்தாளர் ருட்யார்டு கிப்ளிங் 1883-இல் தங்கியிருந்த வீடு அது. வைஸ்ராய் மாளிகைக்குச் செல்லும் சாலையில், அரசு அலுவலகங்களுக்கு அருகில் அமைந்தமையால் விருந்தினர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு மலை ஹோட்டலில் ஆண்டு வருமானம் ஆறேழு மாதங்களுக்குள் வந்துவிட வேண்டும். நிலக்கரி, விறகு, இறைச்சி, மது என்று எல்லாவற்றையும் கீழிருந்து மேலே கொண்டுவர வேண்டும். பருவம் முடிந்தால் கூடங்கள் காலியாகிவிடும். எனவே சிம்லா ஹோட்டலில் கணக்கு எழுதுபவரின் பேனா, சமையற்காரரின் கரண்டிக்குச் சமமான முக்கியத்துவம் உடையது. ஓபராய் தொழிலைக் கற்றது அந்தப் பேனாவின் வழியாகத்தான்.

வேலை கொடுத்தவர் மேலாளர் டி.டபிள்யூ. குரோவ். 40 ரூபாய் விரைவிலேயே 50 ஆனது. மனைவியை அழைத்து வந்து, சரிவில் இருந்த ஒரு வீட்டில் குடியமர்த்தினார். சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வைக்கும் வசதியில்லாததால் கணவனும் மனைவியுமே அடித்தனர். இருவர் கைகளும் கொப்பளித்துப்போயின. குரோவுக்குப் பின் மேலாளராக வந்த கிளார்க், இந்த இளைஞருக்குச் சுருக்கெழுத்து தெரியும் என்று அறிந்து, காசாளர், சுருக்கெழுத்தர் என்னும் இரு பொறுப்புகளையும் கொடுத்தார்.

அக்காலத்தில் செசிலில் தங்கியிருந்த மோதிலால் நேரு ஓர் அறிக்கையை அவசரமாகத் தட்டச்சு செய்து தரக் கேட்டார். இரவெல்லாம் விழித்து அதை முடித்துக் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தார் ஓபராய். நேரு 100 ரூபாய் நோட்டு ஒன்றை நீட்டினார். எழுத்தருக்கு அது இரண்டு மாதச் சம்பளம். மனைவிக்குக் கைக்கடிகாரம், குழந்தைக்குத் துணிமணி, தனக்கு ஒரு மழைக்கோட்டு என அந்தப் பணம் செலவாயிற்று. சிம்லாவின் மழையில் நடந்தே வேலைக்குச் செல்பவருக்கு மழைக்கோட்டு ஆடம்பரப் பொருள் அன்று. மால் சாலையில் வண்டியில் செல்லும் உரிமை வைஸ்ராய் உள்ளிட்ட மிகச் சிலருக்கே இருந்த ஊர் அது. ஏனையோர் கால்நடையாகவோ, ஆள் இழுக்கும் ரிக்‌ஷாவிலோதான் சென்றனர்.

மனைவியின் நகைகள்

சிறிது காலத்தில் கிளார்க் செசிலை விட்டு விலகி, டெல்லி கிளப்பில் உணவு வழங்கும் ஒப்பந்தத்தை எடுத்தார். ஓபராயை 100 ரூபாய் சம்பளத்தில் உடன் அழைத்துக்கொண்டார். அந்த ஒப்பந்தம் முடிந்ததும் சொந்தமாக ஒரு ஹோட்டல் நடத்த விரும்பினார். சிம்லாவின் கார்ல்டன் ஹோட்டல் அப்போது கடனில் மூழ்கிக் கைமாறும் நிலையில் இருந்தது. குத்தகைக்கு எடுக்கப் பிணையாளர்கள் தேவைப்பட்டனர். அலைந்து திரிந்து, வசதி படைத்த உறவினர்களையும் நண்பர்களையும் அணுகி அந்தப் பிணையைத் திரட்டித் தந்தவர் ஓபராய். ஹோட்டலுக்கு கிளார்க்ஸ் என்று பெயர் மாற்றப்பட்டது.

ஹோட்டலின் பெயர்ப்பலகையில் இருந்தது ஆங்கிலேயர் பெயர். கடைத்தெருவில் பேரம் பேசியவர்களோ ஓபராயும் இஷ்ரன் தேவியும். இறைச்சியையும் காய்கறியையும் ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடாமல் இருவரும் தாங்களே சென்று வாங்கியதால், அந்தச் செலவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாக ஓபராய் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இந்திய ஹோட்டல் வரலாற்றில் இஷ்ரன் தேவியின் பெயர் நகைகளோடு சேர்த்து மட்டுமே குறிப்பிடப்படுகிறது. அது முழுமையான கணக்கு ஆகாது. சந்தைக்குச் சென்ற காலையும் அதில் சேர்த்தாக வேண்டும்.

நகைகளின் கதையும் உண்மையே. சில ஆண்டுகளில் கிளார்க் ஓய்வு பெற்று ஹோட்டலை விற்க முடிவு செய்தபோது, முதலில் ஓபராயையே கேட்டார். தம்மிடம் இருந்த சிறு சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் அடமானம் வைத்து, உறவினர் ஒருவரின் உதவியையும் பெற்று, 1934-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14-ஆம் தேதி கிளார்க்ஸ் ஹோட்டலின் முழு உரிமையாளரானார் ஓபராய். மறுநாள் அவருக்கு 36 வயது நிறைந்தது. அடுத்தடுத்த அந்த இரண்டு தேதிகளும் 13 ஆண்டுகளுக்குப் பின் இரு நாடுகளின் சுதந்திர நாட்களாகும் என்பதையோ, அவருடைய ஹோட்டல்கள் அவ்விரு நாடுகளுக்கும் பிரிந்து கிடக்கும் என்பதையோ அன்று எவரும் ஊகித்திருக்க முடியாது.

சிம்லாவில் மட்டும் இருந்தால் ஆண்டின் பாதி வருமானமின்றிக் கழியும். சுவிஸ்காரர்கள் குளிர்காலத்தைப் பனி விளையாட்டின் பருவமாக மாற்றிக்கொண்டனர். சிம்லாவிலும் 1920 முதல் பனிச்சறுக்குத் திடல் இருந்தது. ஆனால் அங்கு விருந்தினரை அழைத்து வந்தது விளையாட்டு அன்று, அரசாங்கம். கோப்புகள் கீழிறங்கினால் ஊரும் கீழிறங்கிவிடும். ஆகவே, குளிர்காலமே உச்சப் பருவமாக விளங்கிய கல்கத்தாவை நோக்கி ஓபராய் நகர்ந்தது கணக்குத் தெரிந்தவரின் நகர்வாகவே தோன்றுகிறது.

நோய் பிடித்த மாளிகை

கல்கத்தாவின் சௌரங்கி சாலையில், ஈரானின் இஸ்ஃபஹானிலிருந்து வந்த ஆர்மீனியரான அரதூன் ஸ்டீபன் எழுப்பிய கிராண்ட் ஹோட்டல், ஏறத்தாழ 500 அறைகள் கொண்டது. 1930-களில் அங்கே கொள்ளைநோய் புகுந்தது. விருந்தினர்கள் இறந்தனர். கழிவுநீர்க் குழாய்களின் மீது ஐயம் எழுந்தது. ஹோட்டல் மூடப்பட்டது. பெயரைச் சொன்னாலே மக்கள் ஒதுங்கிய அந்தக் கட்டடத்தை 1938-இல் ஓபராய் குத்தகைக்கு எடுத்தார்.

பிறர் அஞ்சி விலகிய சொத்தை மலிவாகப் பெற்றுச் சீர்செய்வது அவருடைய தொழில்முறையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. கார்ல்டன் கடனில் கிடந்தது. கிராண்ட் நோயில் கிடந்தது. இரண்டிலும் சரிசெய்ய வேண்டியிருந்தது கட்டடத்தை மட்டுமன்று, அதன் மீதான நம்பிக்கையையும்தான். கூடத்தின் விளக்குகளையும் கம்பளங்களையும் பார்த்து விருந்தினர் மீண்டும் வந்துவிடமாட்டார்கள். குழாயில் வரும் தண்ணீரை அச்சமின்றி அருந்தலாம் என்று அவர்கள் நம்ப வேண்டும். படிப்படியாக அறைகள் திறக்கப்பட்டன.

அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஜப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றிய பின்னர் கல்கத்தா போர்முனையின் வாசலாக மாறியது. பிரிட்டிஷ், அமெரிக்கப் படையினரைத் தங்கவைக்க இடம் தேடிய ராணுவத்துக்கு கிராண்ட் ஹோட்டல் பயன்பட்டது. ஆட்களுக்கு இன்ன தொகை என்று ராணுவம் செலுத்திய பணம் ஓபராயின் நிதி நிலையை முற்றாக மாற்றியது. போர்க்காலச் சேவைக்காக ராய் பகதூர் பட்டமும் அவருக்குக் கிடைத்தது.

1943-ஆம் ஆண்டை இவ்வளவில் கடந்துவிடுவது நேர்மையாகாது. வங்காளப் பஞ்சம் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. இறந்தோர் எண்ணிக்கை 20 லட்சத்துக்கும் 30 லட்சத்துக்கும் இடைப்பட்டது என்று மதிப்பிடப்படுகிறது. கிராமங்களிலிருந்து கஞ்சி தேடி வந்தவர்கள் கல்கத்தாவின் நடைபாதைகளில் மடிந்துகொண்டிருந்த அதே நகரத்தில், பெரிய ஹோட்டல்களின் உணவுக்கூடங்கள் இயங்கிக்கொண்டிருந்தன. அதற்கு ஒரு தனிமனிதரைப் பொறுப்பாக்க முடியாது. போர்க்கால அரசின் கொள்கையும் நிர்வாகத்தின் அலட்சியமும் பதுக்கலும் சேர்ந்து விளைவித்த பேரழிவு அது. எனினும் ஓபராயின் வளர்ச்சி எந்தக் காலத்தில் நிகழ்ந்தது என்பதை வாசகர் அறிந்திருக்க வேண்டும்.

அந்த 1943-இல்தான் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் பங்குகளை வாங்கி, அதன் கட்டுப்பாட்டை அவர் தம் கைக்குக் கொண்டுவந்தார். வட இந்தியாவின் மிகப் பெரிய ஹோட்டல் குழுமம் அது. சிம்லாவின் செசில், டெல்லியின் மெய்டன்ஸ், இம்பீரியல், லாகூரின் ஃபலெட்டிஸ், ராவல்பிண்டியின் ஃப்ளாஷ்மன்ஸ், பெஷாவரின் டீன்ஸ், மர்ரி மலையில் மற்றொரு செசில் ஆகியன அதன் கீழ் இருந்தன. பணமின்றிப் படிப்பு தடைப்பட்ட லாகூரிலும், பள்ளிச் சிறுவனாக நடந்து திரிந்த ராவல்பிண்டியிலும் முதன்மையான ஹோட்டல்கள் அவருடையவை ஆயின. அறையின்றி வந்து நின்ற சிம்லாவில் செசிலின் அனைத்து அறைகளும் அவர் பொறுப்பில் வந்தன.

விருந்தினர் விடைபெற்ற பின்

1945 ஜூன் இறுதியில் வைஸ்ராய் வேவல் கூட்டிய சிம்லா மாநாட்டுக்காக நாட்டின் தலைவர்கள் மலையேறினர். காந்தியடிகள் ராஜ்குமாரி அம்ரித் கவுரின் மேனர்வில் இல்லத்தில் தங்கினார். முகமது அலி ஜின்னா செசில் ஹோட்டலில் தங்கினார். மாநாடு முடிவின்றிக் கலைந்தது. அதன் தோல்வி நாட்டுப் பிரிவினையை நெருங்கச் செய்த படிகளுள் ஒன்றாக வரலாற்றாசிரியர்களால் எண்ணப்படுகிறது. செசிலின் உரிமையாளருக்கு அது இரட்டைப் பொருள் கொண்ட நிகழ்வு. ஹோட்டல் நிறைந்திருந்தது. ஆனால் அங்கு பேசப்பட்டதன் விளைவு, அவர் பிறந்த ஊரையும் அவருடைய ஹோட்டல்கள் நான்கையும் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தது.

1947-க்குப் பின் வைஸ்ராயும் இல்லை, கோடைத் தலைநகரும் இல்லை. சிம்லா சில ஆண்டுகள் கிழக்குப் பஞ்சாபின் தற்காலிகத் தலைநகராக இருந்தது. பின்னர் சண்டிகர் எழும்பியதும் அந்தச் சிறப்பும் நீங்கியது. அரசாங்கத்தை நம்பி நின்ற மலை ஹோட்டலுக்கு இது கடும் அடி. ஆடம்பர ஹோட்டல் என்றாலே பிரபுக்களும் அதிகாரிகளும் நினைவுக்கு வந்த நாட்டில், இனி விருந்தினர் யார் என்ற கேள்விக்கு எவரிடமும் உடனடி விடை இருக்கவில்லை.

எல்லைக்கு அப்பால் இருந்த லாகூர், ராவல்பிண்டி, பெஷாவர், மர்ரி ஹோட்டல்கள் பிரிவினைக்குப் பிறகும் பல ஆண்டுகள் நிறுவனத்தின் உடைமையாகவே தொடர்ந்தன என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கலாம். 1965-ஆம் ஆண்டுப் போரின்போது பாகிஸ்தான் அரசு அவற்றை எதிரி நாட்டார் சொத்து என அறிவித்துக் கையகப்படுத்தியது. அடமானத்திலிருந்து மீட்கலாம், கொள்ளைநோயிலிருந்து மீட்கலாம். அந்த நான்கு ஹோட்டல்களை மீட்கும் வழி எதுவும் அவரிடம் இருக்கவில்லை.

டெல்லி இம்பீரியல் ஹோட்டல் தொடர்பான ஒரு வழக்கு வேறு வகையில் நிலைபெற்றுவிட்டது. ஹோட்டலுக்குள் முடிதிருத்தும் நிலையம் நடத்தியவருக்கும் நிறுவனத்துக்கும் வாடகை பற்றி எழுந்த தகராறு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1959-இல் வந்த தீர்ப்பில், முன்பு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த கே. சுப்பா ராவ், குத்தகைக்கும் உரிமத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினார். நாடெங்கும் சட்டக் கல்லூரி மாணவர்கள் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கு என்று இன்றும் படிப்பது இதைத்தான்.

இழப்புகளுக்கு நடுவே புதிய வாய்ப்புகளை ஓபராய் தேடிக்கொண்டிருந்தார். 1949-இல் ஈஸ்ட் இந்தியா ஹோட்டல்ஸ் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. பயன்பாடின்றிப் போகத் தொடங்கிய அரண்மனைகளில் ஹோட்டல்களைக் கண்டவர்களுள் அவர் முன்னோடி. ஸ்ரீநகரில் தால் ஏரியைப் பார்த்து நின்ற காஷ்மீர் மன்னரின் அரண்மனை 1950-களில் அவர் மேற்பார்வையில் ஹோட்டலாயிற்று. அரண்மனையில் தங்குவது இன்று சுற்றுலா விளம்பரங்களில் சாதாரணமான ஒன்று. அன்று அது துணிகரமான யோசனை.

1965-இல், பாகிஸ்தானில் இருந்த ஹோட்டல்களை இழந்த அதே ஆண்டில், டெல்லியில் ஓபராய் இன்டர்கான்டினென்டல் திறக்கப்பட்டது. வெளிநாட்டு விமானப் பயணிகளைக் கருத்தில் கொண்டு, அமெரிக்க நிறுவனத்தின் கூட்டுறவோடு கட்டப்பட்ட நவீன ஹோட்டல் அது. கேட்டறிந்த விருந்தினர் பட்டியலில் வைஸ்ராயின் அதிகாரிகள் இருந்த இடத்தைச் சுற்றுலாப் பயணியும் வணிகரும் பிடித்தனர். அடுத்த ஆண்டு ஹோட்டல் மேலாண்மைப் பள்ளி ஒன்றை நிறுவினார். தாம் சுருக்கெழுத்தையும் பில் புத்தகத்தையும் கொண்டு தட்டுத்தடுமாறிக் கற்ற தொழிலை, இளைஞர்கள் வகுப்பறையில் முறையாகக் கற்க அது வழி செய்தது. குடும்பப் பெண்கள் ஹோட்டலில் வேலை செய்வதை ஊர் ஏற்காத காலத்தில் பெண்களைப் பணியில் அமர்த்தியதும் அவர் எடுத்த முடிவுகளுள் குறிப்பிடத்தக்கது.

1972-இல் கெய்ரோவில் பிரமிடுகளின் நிழலில் நிற்கும் மெனா ஹவுஸ் ஹோட்டலை நடத்தும் பொறுப்பு கிடைத்தது. 1973-இல் பம்பாய் நரிமன் முனையில் 35 மாடி ஹோட்டல் எழுந்தது. சென்னையில் 1980-களின் பிற்பகுதியில் குழுமத்தின் ட்ரைடன்ட் ஹோட்டல் வந்தது. நாடாளுமன்றத்திலும் அவர் இருந்தார். 1962-இலும் 1972-இலும் மாநிலங்களவைக்கும், இடையில் 1968-இல் அன்றைய பீகாரின் ஹசாரிபாகிலிருந்து மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் அவரது அடையாளம் அரசியலில் உருவானது அன்று.

செசில் மீண்டும் திறந்த நாள்

இவ்வளவுக்கும் இடையில் தொடக்க இடமான செசில் என்னவாயிற்று என்ற கேள்வி எழும். வைஸ்ராய் மாளிகை 1965 முதல் உயர் ஆய்வு நிறுவனமாயிற்று. அலுவலகக் கட்டடங்கள் வெவ்வேறு துறைகளிடம் போயின. இமாசலப் பிரதேசத்தின் தலைநகர் என்ற நிலை சிம்லாவுக்குக் கிடைத்தாலும், மாநிலத் தலைநகரின் தேவைகள் பேரரசின் தேவைகள் அல்ல. கோடைவிடுமுறைக்கு வந்த நடுத்தரக் குடும்பங்கள் மால் சாலையை ஒட்டிய விடுதிகளை நாடின. பழைய மரத்தளங்களும் பரந்த கூடங்களும் கொண்ட பெரிய ஹோட்டலைப் பராமரிக்கும் செலவோ ஆண்டுதோறும் ஏறியது. 1980-களில் செசில் மூடப்பட்டது.

விற்றுவிடுவது எளிது. மலை ஊர்களில் அப்படி விலைபோய் உருத்தெரியாமல் மறைந்த பழைய ஹோட்டல்கள் பல உண்டு. செசிலுக்கு அந்த முடிவு நேரவில்லை. ஓபராயின் மகன் பிருத்விராஜ் சிங் ஓபராயின் தலைமையில் நீண்ட மறுசீரமைப்புப் பணி நடந்தது. 1997-இல் ஹோட்டல் மீண்டும் திறக்கப்பட்டது. நடுக்கூடத்தைச் சுற்றி மாடங்கள் உயரும் அமைப்பும் மரவேலைப்பாடும் கொண்டு, பழைய தோற்றத்தை நினைவூட்டும் வகையில் அது புதுப்பிக்கப்பட்டது. இம்முறை அது அரசாங்கத்தின் பருவத்தை நம்பியிருக்கவில்லை. பனி விழும் மாதங்களிலும் வருவோர் உண்டு. பாட்ருட் பந்தயம் கட்டிய குளிர்காலம், நூற்றாண்டுக்கு மேல் தாமதமாகச் சிம்லாவுக்கும் வந்துவிட்டது.

அப்போது ஓபராய்க்கு 98 வயது. அதிகாரபூர்வமாக அவர் சொல்லிக்கொண்ட கணக்கின்படி வயது அதைவிடச் சற்றுக் குறைவு. 19-ஆம் நூற்றாண்டின் ஆள் என்று தம்மைப் பிறர் எண்ணிவிடக் கூடாதென்பதற்காகப் பிறந்த ஆண்டை 1900 என்று குறிப்பிட்டு வந்தார். ஹோட்டல்களின் கணக்கில் காசு பிசகாதவர் தம் வயதுக் கணக்கில் மட்டும் இரண்டு ஆண்டுகளைத் தள்ளுபடி செய்துகொண்டார்.

2001-இல் மத்திய அரசு அவருக்குப் பத்ம பூஷண் விருது வழங்கியது. 2002-ஆம் ஆண்டு மே 3-ஆம் தேதி தமது 103-ஆவது வயதில் அவர் காலமானார். அவருக்குப் பின் குழுமத்தை வழிநடத்திய பிருத்விராஜ் சிங் ஓபராய் 2023 நவம்பரில் மறைந்தார்.

நகைகளை அடமானம் வைத்து வாங்கிய கிளார்க்ஸ் ஹோட்டல் சிம்லாவின் மால் சாலையில் இன்றும் உள்ளது. செசிலின் பிரம்மாண்டம் அதற்குக் கிடையாது. சில டஜன் அறைகள் மட்டுமே கொண்ட அந்தக் கட்டடத்தின் பெயர், ஓபராய் உரிமையாளரான பின்னரும் மாற்றப்படவில்லை. அவருக்கு வேலை கற்றுக்கொடுத்து, பின்னர் ஹோட்டலையும் அவரிடமே விற்றுச் சென்ற ஆங்கிலேயரின் பெயரையே அது இன்னும் தாங்கி நிற்கிறது.